கந்தளாய் வயல்கள் யார் பெயரில்?

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க்கு அருகே பாலமோட்டையில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. முதலாம் விஜயபாகு மன்னனின் 42ஆவது ஆட்சியாண்டில், அதாவது 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டப்பட்டது. கந்தளாயில் அப்போது விஜயராஜச் சதுர்வேதிமங்கலம் என்றொரு பிராமணக் குடியிருப்பு இருந்தது. விஜயராஜ ஈஸ்வரம் என்ற சிவன் கோயிலும் இருந்தது. நங்கைசானி என்ற பெண், இறந்துபோன தன் கணவனின் நினைவாக அந்தக் கோயிலுக்குப் பொருள் எழுதி வைத்ததை அந்தக் கல் சொல்கிறது. கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் விடப்பட்டது. சோழராட்சிக்குப் பிந்திய கிழக்கிலங்கையை ஆராய்கிறவர்களுக்கு அது பெரிய சான்று. எனக்கு அதில் முதலில் தெரிவது நங்கைசானிதான். கணவனை இழந்த ஒருத்தியின் கையில் சொந்தமாகப் பொருள் இருந்தது. அதைத் தன் விருப்பப்படி, தன் பெயரைச் சொல்லி எழுதி வைத்தாள். ஊர் ஏற்றுக்கொண்டது, ஆயுதம் தாங்கிய படை அதற்குக் காவல் நின்றது.

இன்றைக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயலொன்றை, கணவன் போன பிறகு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஒரு பெண் எத்தனை தடவை பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது! போருக்குப் பிந்திய மீள்வாழ்வு பற்றி 2009இலிருந்து எவ்வளவோ பேசியாயிற்று. கோழிக்குஞ்சு கொடுத்தோம், ஆடு கொடுத்தோம், தையல் மெசின் கொடுத்தோம். பயிற்சிப் பட்டறையும் சான்றிதழ் வழங்கும் விழாவும் நடத்தினோம். காணி யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். அதைத் தள்ளிப்போட்டதால்தான் மற்ற உதவிகளில் பெரும்பகுதி நிலைக்கவில்லை.

கந்தளாயைப் போர்முனை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் போர் அந்த ஊரை விட்டுவைக்கவும் இல்லை. எண்பதுகளின் வன்செயல்களில் இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல வெளியேறின. 1986 ஏப்ரல் 20ஆம் தேதி விடியுமுன் குளத்தின் அணைக்கட்டு உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை வெள்ளம் கொண்டுபோயிற்று. இருபது வருடம் கழித்து, 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கட்டின் கதவுகள் மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூருக்குள் நுழைந்தது. பல்லாயிரம் முஸ்லிம்கள் கைக்குழந்தைகளோடும் நடக்க முடியாத முதியவர்களோடும் கிளிவெட்டிப் பக்கமாக நடந்து கந்தளாய்க்கு வந்து சேர்ந்தார்கள். ஊரின் பாடசாலைகள் நிரம்பின, வெட்டவெளிகளில் கூடாரங்கள் எழுந்தன. அதே ஓகஸ்ட் 4ஆம் தேதி மூதூரில், பட்டினிக்கு எதிரான செயற்பாடு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் நால்வர் பெண்கள். சுனாமியில் அழிந்த வாழ்வைத் திரும்பக் கட்டிக் கொடுக்க வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். சம்பூர்ப் பக்கத்துத் தமிழர்கள் எதிர்த்திசையில் வாகரைக்கு ஓடினார்கள். அவர்களில் பலர் தங்கள் மண்ணை மறுபடி மிதிக்க 2015, 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போர் முடிந்த மறு வருடம், மகளிர் விவகாரப் பிரதி அமைச்சராக இருந்த எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லா ஒரு கணக்கை வெளியிட்டார். வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர். அவர்களில் 49,000 பேர் கிழக்கு மாகாணத்தவர். 12,000 பேர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். 8,000 பேருக்குக் குறைந்தது மூன்று பிள்ளைகள். போரின் முடிவு முழுக்க வடக்கில் நிகழ்ந்ததால் உலகத்தின் கண் வன்னியிலேயே நின்றது. கைம்பெண்கள் கூடுதலாக இருந்தது கிழக்கில் என்பது பலருக்கு இன்றும் தெரியாது.

கந்தளாயின் சந்தைக்கு மூன்று விதமான பெண்கள் வருகிறார்கள். மூவரும் ஒரே விலைக்குத்தான் அரிசியும் மரக்கறியும் வாங்குகிறார்கள். முதலாமவள் படையில் இறந்த சிப்பாயின் மனைவி. கணவர் உயிரோடிருந்தால் 55 வயதாகும் நாள் வரைக்கும் அவருடைய சம்பளமும், பிறகு ஓய்வூதியமும் அவளுக்கு வரும். அது நியாயமான ஏற்பாடு; அதில் யாரும் குறை காணக்கூடாது. மாதா மாதம் வரும் பணம் ஒரு தாயையும் பிள்ளைகளையும் எப்படித் தூக்கி நிறுத்தும் என்பதற்கு அவளுடைய வீடே சாட்சி. இரண்டாமவள் வயலில் சுடப்பட்ட, ஷெல்லில் இறந்த, அகதியாய் ஓடும் வழியில் போய்ச்சேர்ந்த ஒரு சாதாரண மனிதனின் மனைவி. அவள் சிங்களத்தியாக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், தமிழ்ப் பெண்ணாக இருக்கலாம். எப்போதோ ஒரு முறை கிடைத்த இழப்பீட்டோடு அவள் கணக்கு முடிந்துவிட்டது. மூன்றாமவளின் கணவனை யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. இறந்தார் என்ற பத்திரமும் அவள் கையில் இல்லை.

மூன்றாமவளின் நிலையை அரசு ஒப்புக்கொள்ளவே 2016 வரை ஆயிற்று. இறப்புப் பதிவுச் சட்டத்தில் அந்த வருடம் கொண்டுவந்த திருத்தம், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று அரசே எழுதிக் கொடுக்கும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தது. அதை வைத்துக்கொண்டு அவள் நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம், அவர் சொத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குப் பாதுகாவலராகலாம். உயிரோடு கூட்டிக்கொண்டு போனவரைச் செத்தவர் என்று எழுதி வாங்க மாட்டேன் என்று பல வருடமாக நின்ற தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் அந்தச் சான்றிதழ் ஓரளவு மரியாதை செய்தது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் அதை வைத்திருப்பவர்களுக்கு மாதம் 6,000 ரூபா என்று அறிவித்தார்கள். சிப்பாயின் மனைவிக்கு வரும் தொகையோடு அதை வைத்துப் பார்த்தால் நம் நாடு எந்தச் சாவை எப்படி எடை போடுகிறது என்பது விளங்கும்.

இனி வயலுக்கு வருகிறேன். கந்தளாயின் பெரும்பகுதி குடியேற்றத் திட்டம். குளத்துக்குக் கீழே நிலத்தைக் கூறு போட்டு, குடும்பங்களுக்கு அரசு அனுமதிப் பத்திரம் கொடுத்தது. அதை ஆளும் சட்டம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், விவசாயி என்றால் ஆண் என்று நினைத்து எழுதப்பட்டது. பத்திரக்காரர் பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறிப்பிடாமல் இறந்தால், காணி எந்த வரிசையில் போகும் என்று அதன் அட்டவணை சொல்லிற்று: மகளுக்கு முன் மகன், பேத்திக்கு முன் பேரன், சகோதரிக்கு முன் சகோதரன். மனைவிக்கு ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை உண்டு, ஆனால் நிபந்தனையோடு. அவள் மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும். கணவர் இறந்து ஆறு மாதத்துக்குள் அவள் காணியின் உடைமையை ஏற்காவிட்டாலும் போய்விடும்.

அந்த ஆறு மாதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கணவன் வயலில் சுடப்பட்ட வாரத்திலேயே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிண்ணியாவுக்கோ திருகோணமலைக்கோ ஓடியவள், முகாமில் வரிசையில் நின்றவள், ஆறு மாதத்துக்குள் எப்படித் திரும்பி வந்து வயலில் கால் வைப்பாள்? கணவன் இறந்தபின் இத்தா காக்கும் முஸ்லிம் பெண்ணுக்கு அந்த ஆறு மாதத்தில் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே போய்விடும். காணாமற்போனவரின் மனைவிக்கு அந்தக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்கும்? சட்டம் எழுதியவர்கள் போரைக் கற்பனை செய்யவில்லை என்று சொல்லலாம். போர் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. அதற்குள் யாராவது அதைத் திருத்தியிருக்கலாமே.

ஆண் பெண் வேற்றுமையை நீக்கும் திருத்தம் கடைசியில் 2022இல்தான் வந்தது. பெண்கள் அமைப்புகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டதன் பலன் அது, வரவேற்கிறேன். ஆனால் அதற்கு முந்திய 87 வருடத்தில் மூத்த மகனின் பெயருக்கும் கணவனின் தம்பியின் பெயருக்கும் போய்ச் சேர்ந்த வயல்கள் தாமாகத் திரும்பி வரமாட்டா.

இதில் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது ஒன்றுண்டு. கிழக்கின் பழைய வழக்கம் பெண்ணைக் காணியற்றவளாக விடவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்குத்தான் வீடு கொடுக்கிறார்கள். மருமகன்தான் வந்து குடியேறுகிறான். மூதூர், கிண்ணியா முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. அதற்காகக் கடல் கடந்துபோய் உழைக்கும் தகப்பன்மாரும் அண்ணன்மாரும் படும் பாடு வேறு கதை. சீதனத்தின் கொடுமையை நான் மறைக்க வரவில்லை. ஆனால் புருஷன் போனாலும் அவளை வெளியே போ என்று சொல்ல ஆளில்லாத ஒரு வீடு அந்த வழக்கத்தில் அவளுக்கு இருந்தது. அரசின் கடதாசி வந்த இடமெல்லாம் அது தேய்ந்தது. குடியேற்றத் திட்டத்தில் பத்திரம் ஆணுக்குப் போயிற்று. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளும் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்குப் பதிவாகப் போனபோது, கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டி வந்தது. விண்ணப்பப் படிவத்தில் அந்த ஒற்றைக் கட்டம், மனைவி மண் சுமந்து கட்டிய வீட்டைக் கணவன் பெயருக்கு மாற்றிவிடுகிறது.

கந்தளாயில் வயல் தன் பெயரில் இல்லாத பெண்ணுக்கு அந்த வயல் மட்டுமா போகிறது? உர மானியம் பத்திரக்காரருக்கு. கமக்காரர் அமைப்பில் உறுப்புரிமை காணிக்காரருக்கு. எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது, எத்தனை ஏக்கரில் சிறுபோகம் செய்வது என்று முடிவெடுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அவளுக்குக் கதிரை கிடையாது. அரச வங்கியில் கடன் கேட்டால் பத்திரம் எங்கே என்கிறார்கள். ஆகவே அவள் கிழமைக் கடன்காரனிடம் போகிறாள்.

அவளுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை, அதனால் கடனில் விழுந்தாள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கோபம் வருகிறது. வீட்டு வாசலுக்கே வந்து, ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று கொடுக்கும் கடன் அது. பிணைக்குக் காணி கேட்காத ஒரே இடம் அதுதான். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் யுவான் பாப்லோ போகொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களில் நடைமுறை வட்டி 220 சதவீதம் வரைக்கும் போனதைக் கண்டார். வசூலிக்க வருபவர்கள் பெண்களை மிரட்டுவதையும், தவணைக்குப் பதிலாக உடலைக் கேட்பதையும் எழுதினார். அதே வருடம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், திருகோணமலையும் சேர்த்து, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்தது. 2021 மார்ச்சில், நமக்கு அடுத்த பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குரக்கொடையில் கடன்பட்ட பெண்கள் உட்கார்ந்து, ஐம்பது நாட்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் செய்தார்கள். பெரும்பாலும் சிங்களப் பெண்கள். அவர்கள் சொன்ன கதைக்கும் வாகரையிலும் முல்லைத்தீவிலும் கேட்ட கதைக்கும் மொழி மட்டுமே வித்தியாசம்.

கடனை அடைக்க வழியில்லாவிட்டால் அடுத்தது வளைகுடா. மூதூரின் ரிசானா நபீக்கை மறந்துவிட்டோமா? 1988இல் பிறந்த பிள்ளையை, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். சுனாமி வந்து சில மாதம், குடும்பத்தில் சொல்ல முடியாத வறுமை. வேலைக்குப் போன வீட்டில் அவளிடம் விடப்பட்ட கைக்குழந்தை இறந்ததற்காக, 2013 ஜனவரி 9ஆம் தேதி அவள் தலை வெட்டப்பட்டது. அவள் பாடசாலையில் இருந்திருக்க வேண்டிய வயதில் வேறொருவர் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனவள். அதே 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் பணிப்பெண்ணாக வெளிநாடு போகத் தடை விதித்தார்கள். ஊரில் ஒரு தாய்க்கு வருமானத்தை உண்டாக்காமல் வாசலை மட்டும் அடைத்தால், அவள் பொய்யான கடதாசியோடு பின்வாசலால் போவாள், போனார்கள்.

பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? பாட்டியிடம், சித்தியிடம், இல்லாவிட்டால் இல்லத்துக்கு. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். அவர்களை அங்கே சேர்த்தது வறுமை. நல்ல மனதோடு வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி இல்லம் கட்டிய நம்மவர்கள் இதைக் கேட்டு நோகக்கூடாது. யாருமே இல்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டும், அதில் கேள்வியில்லை. ஆனால் ஓர் இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் செலவாகும் காசு தாயின் கையில் நேரே போனால், அந்தப் பிள்ளை வீட்டிலேயே சாப்பிட்டு வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போகும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ‘செவன சரண’ திட்டம் அந்த எண்ணத்தில் வந்ததுதான். அதற்குத்தான் காசும் ஆளும் போதாமல் இருக்கிறது.

பிள்ளைகளின் மனதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நினைத்துப் பார்க்கிறேன். கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் முன்னின்று நடத்தியது. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒரே பேருந்தில் ஏற்றி வருவார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று நாள் போகும். என்ன நடந்தது என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. பிள்ளை தானாகச் சொல்லும் வரை காத்திருப்பார்கள். போர் உச்சத்தில் இருந்த காலத்தில், இரு சமூகமும் ஒன்றையொன்று கொன்ற காயம் ஆறாத மாவட்டத்தில், அதைச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலம் சொல்லி வந்ததும் இதற்கு நெருக்கமானதே: போர் தனி மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது, ஆறுவதும் அங்கேதான் தொடங்க வேண்டும். உளவளத்துணை என்ற பெயரில் மூன்று நாள் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து படிவம் நிரப்பிவிட்டுப் போவதால் ஊர் ஆறாது. மூன்று சமூகச் சூழலில் வாழும் கந்தளாயின் பிள்ளைகளுக்கு அப்படியொரு பூங்கா கிடைக்காதது பெரிய குறை.

மறுபடி காணி உரிமைக்கு வந்தால், ருவாண்டாவைப் பற்றிச் சொல்வதுண்டு. 1994இல் நூறு நாளில் நடந்த இனப்படுகொலைக்குப் பின் அங்கேயும் கைம்பெண்கள் இலட்சக்கணக்கில். அவர்களில் ஐம்பது பேர் 1995 தொடக்கத்திலேயே ஒரு சங்கம் அமைத்தார்கள்; அவர்களும் மற்றப் பெண்களும் ஓயாமல் நச்சரித்ததில், 1999இல் மகளுக்கும் மனைவிக்கும் சொத்தில் உரிமை தரும் சட்டம் வந்தது. அதற்கு முன்பு வழக்கப்படி காணி ஆணின் குடும்பத்துக்குத்தான். ஐந்து வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது, நமக்குப் போர் முடிந்து 13 வருடம் எடுத்தது. ருவாண்டாவின் அரசியலில் நான் மெச்சாத பலவும் இருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் அவர்கள் சரியான நேரத்தில் செய்தார்கள்.

நம்மிடம் அப்படிச் சேர்ந்து நின்ற பெண்கள் இல்லாமலில்லை. 1998இல் காணாமற்போன படை அதிகாரி ஒருவரின் தாய் விசாகா தர்மதாச, கண்டியிலிருந்து போரால் பாதிக்கப்பட்ட பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, காணாமற்போன தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மாரையும் தேடிப் போனார். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இன்றும் உழைக்கிறது. கந்தளாயில் மூன்று சமூகத்துப் பெண்களும் ஒரே காணிச் சட்டத்தின் கீழே இருக்கிறார்கள். அங்கே சேர்ந்து நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

அவசரமும் இருக்கிறது. அனுமதிப் பத்திரக் காணிகளை முழு உரித்தாக்கிக் கொடுக்கும் ‘உறுமய’ திட்டத்தை 2024 தொடக்கத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தொடங்கினார். ஆட்சி மாறிவிட்டது, ஆனாலும் அந்த யோசனை இந்த நாட்டில் திரும்பத் திரும்ப வரும். முழு உரித்து என்றால் விற்கலாம், அடகு வைக்கலாம். பத்திரத்தில் இப்போது யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே நிரந்தரமாகப் போய்விடும். முகாமிலிருந்து திரும்பி வந்து பதினைந்து வருடமாக அந்த வயலை உழுது நட்டுக்கொண்டிருப்பவளின் பெயர் அதில் இல்லையென்றால், அன்றோடு அவள் கணவனின் அண்ணனுக்கோ மைத்துனனுக்கோ கூலிக்காரியாவாள். ஆகவே உரித்துப் பத்திரம் கொடுக்குமுன் பெயரைச் சரிபார்க்க வேண்டும். போர்க் காலத்தில் ஆறு மாதக் கெடு தவறியது என்று மூடிய கோப்புகளைத் திறக்க வேண்டும். 1983க்கும் 2009க்கும் இடையில் தனியார் காணியை இழந்து ஓடியவர்களுக்காக 2016இல் ஆட்சியுரிமைக் காலவரம்பைத் தளர்த்த நாடாளுமன்றத்தால் முடிந்தது. அரச காணிக்கும் அதே நியாயத்தைச் செய்ய முடியும். புதிதாகக் கொடுக்கும் பத்திரங்களில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும்.

கந்தளாய்ப் பிரதேச செயலகத்தில் தமிழில் மனு எழுதி, தமிழில் பதில் வாங்குவது இன்னும் எளிதாக இல்லை. சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசிக்க அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடி ஓடுகிறவளுக்குக் கெடு தேதி எப்படித் தெரியும்? கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் உதவி செய்ய நினைக்கும் நம்மவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தையல் மெசினுக்கு ஒதுக்கிய காசில் ஒரு நில அளவையாளருக்குக் கூலி கொடுங்கள். இரு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு அமர்த்தி, செவ்வாயும் வியாழனும் அந்த அலுவலக வாசலில் உட்கார வையுங்கள். மனுவை அந்தப் பிள்ளை எழுதட்டும், கோப்பு இலக்கத்தைக் குறித்து வைக்கட்டும், வழக்காகப் போனால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஒவ்வொரு பெரும்போகம் தொடங்குமுன்னும், எத்தனை பெண்களின் பெயர் பத்திரத்தில் ஏறியது, எத்தனை பேர் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள் என்று கணக்குக் கேளுங்கள்.